விமான ஜிபிஎஸ் கருவியில் சரியான அப்ரோச்சைத் தேர்ந்தெடுப்பது: முழுமையான வழிகாட்டி

சிறிய விமானம் ஒன்றின் பலகையில் பொருத்தப்பட்ட ஜிபிஎஸ் கருவியில் ‘புரொசீஜர்’ பொத்தானை அழுத்தினால், அமெரிக்காவின் நடுத்தர விமான நிலையம் ஒன்றுக்குக்கூடப் பல பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒரே ஓடுபாதைக்கு ஐஎல்எஸ் (தரையிலிருந்து வரும் அலைகளால் பக்கவாட்டையும் இறங்கு சரிவையும் காட்டுவது) ஒன்று, ஆர்நேவ் (செயற்கைக்கோள் வழி) இரண்டு, விஓஆர் (தரை வானொலி நிலைய வழி) ஒன்று என்று நான்கு வழிகள் இருக்கலாம். ஒவ்வொரு வழிக்கும் நான்கைந்து நுழைவுப் புள்ளிகள் இருக்கும். விமானம் மேகத்துக்குள் நிமிடத்துக்கு இரண்டு மைல் வேகத்தில் சென்றுகொண்டிருக்கும்போது, காதில் கட்டுப்பாட்டாளரின் குரல் ஒலித்துக்கொண்டிருக்க, இந்தப் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விமானிகள் அப்ரோச் என்றே சொல்லும் கருவிவழி இறங்குமுறையை இக்கருவிகளில் எப்படித் தேர்ந்தெடுப்பது, தேர்ந்தெடுத்தது சரிதானா என்று எப்படி உறுதிசெய்வது என்பவற்றை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம். எடுத்துக்காட்டுகள் அமெரிக்க நடைமுறையையும், அங்கே பரவலாகப் பயன்படும் கார்மின் ஜிஎன்எஸ் 430டபிள்யூ, ஜிடிஎன் 650 மற்றும் 750, ஜி1000 ஆகிய கருவிகளையும் ஒட்டியவை. உங்கள் விமானத்தின் பறப்புக் கையேட்டில் இக்கருவிக்காகச் சேர்க்கப்பட்ட இணைப்பு என்ன சொல்கிறதோ, அதுவே இறுதி விதி.

‘தேர்வு’ என்று ஒற்றைச் சொல்லில் சொன்னாலும் உண்மையில் இதில் நான்கு முடிவுகள் அடங்கியுள்ளன: எந்த அப்ரோச், எந்தப் புள்ளியிலிருந்து அதற்குள் நுழைவது, அதை எப்போது செயல்படுத்துவது, கடைசியில் எந்த மினிமம் (ஓடுபாதை தெரியாமல் அதற்குக் கீழே இறங்கக்கூடாத உயரம்) வரை இறங்குவது. முதல் மூன்றையும் விமானி கருவியிடம் சொல்கிறார். நான்காவதைக் கருவி விமானியிடம் சொல்கிறது. இந்தத் திசைமாற்றத்தைப் புரிந்துகொள்ளாததே பல பிழைகளுக்குக் காரணம் என்பது என் கருத்து.

பட்டியலின் முதல் வரியை நம்பிய இரவு

1995 டிசம்பர் 20 அன்று மயாமியிலிருந்து கொலம்பியாவின் காலி நகருக்கு அமெரிக்கன் ஏர்லைன்ஸின் 965ஆம் எண் விமானம் வந்துகொண்டிருந்தது. வடக்கிலிருந்து நேராக ஓடுபாதை 19-இல் இறங்கலாம் என்று கட்டுப்பாட்டாளர் சொன்னதும், ஓடுபாதை 01-க்காகத் தயாராகியிருந்த விமானிகள் அவசரமாகத் திட்டத்தை மாற்றினார்கள். ரோஸோ என்ற வழிகாட்டி நிலையத்துக்கு நேராகச் செல்ல, வரைபடத்தில் இருந்தபடி ‘ஆர்’ என்ற ஒற்றை எழுத்தைக் கணினியில் தட்டினார்கள். பட்டியலின் முதல் வரியில் வந்ததோ அதே எழுத்தைக் கொண்ட ரோமியோ என்ற நிலையம். அது பொகோட்டாவுக்கு அருகே, நூறு மைலுக்கும் அப்பால் இருந்தது. தரவுத்தளத்தில் ரோஸோவை எழுத்தால் அல்லாமல் முழுப் பெயரால் மட்டுமே அழைக்க முடியும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. விமானம் இடப்பக்கம் திரும்பியது. அது உணரப்பட்டுத் திரும்புவதற்குள் மலை குறுக்கிட்டது. விமானத்தில் இருந்த 163 பேரில் 159 பேர் இறந்தார்கள்.

அது போயிங் 757-இன் கணினி. நாம் பேசுவது அதைவிடச் சிறிய கருவி. ஆனால் இரண்டும் ஒரே மாதிரித்தான் பட்டியலிடுகின்றன: பெயர் பொருந்தும் எல்லாவற்றையும் வரிசைப்படுத்திவிட்டு, விமானி எதை மனத்தில் வைத்திருக்கிறார் என்று கேட்காமல் காத்திருக்கின்றன.

தரையிலேயே முடிக்க வேண்டியவை

முதலில் தரவுத்தளத்தின் தேதி. கருவியைத் தொடங்கியதும் திரையில் தெரியும் அந்தத் தேதியை ஒப்புக்கொண்டு பொத்தானை அழுத்திவிட்டுக் கடந்துபோவது பலரின் பழக்கம். விமானத் தகவல்கள் 28 நாள்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. கையில் உள்ள வரைபடமும் கருவியில் உள்ள தரவும் ஒரே சுழற்சியைச் சேர்ந்தவையா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் அப்ரோச் திருத்தப்பட்டிருந்தால், பெயர் மாறாமல் உள்ளே ஒரு புள்ளியோ உயரமோ மாறியிருக்கலாம்.

இரண்டாவதாக, கருவியின் தகுதி. பெயரின் முடிவில் ‘டபிள்யூ’ இல்லாத பழைய ஜிஎன்எஸ் 430 போன்றவை வாஸ் எனப்படும் செயற்கைக்கோள் வழித் திருத்தச் சேவையைப் பெறுவதில்லை. ஆகவே அவற்றால் பக்கவாட்டு வழிகாட்டுதல் மட்டுமே தர முடியும். புறப்படும் முன் அவற்றுக்கு ரெய்ம் எனப்படும் நம்பகத்தன்மைக் கணிப்பையும் பார்த்தாக வேண்டும். 2003 ஜூலையில் பயன்பாட்டுக்கு வந்த வாஸ் சேவையைப் பெறும் கருவிகளால்தான், தரையில் எந்த வழிகாட்டி நிலையமும் இல்லாத ஓடுபாதைக்கும் ஐஎல்எஸ் போன்ற சரிவுப்பாதையைத் தர முடிகிறது. இந்தியாவில் இதே வேலையைச் செய்வது ககன். 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கர் விமான நிலையத்தில் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் அதன் துணையோடு இறங்கியது.

மூன்றாவது, மாற்று விமான நிலையம். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வாஸ் கருவி வைத்திருப்பவர் மாற்று நிலையத்தைத் திட்டமிடும்போது எல்பிவி (சரிவுப்பாதையும் சேர்ந்த துல்லிய வழிகாட்டுதல்) மினிமத்தைக் கணக்கில் கொள்ளக்கூடாது; எல்நேவ் (பக்கவாட்டு வழிகாட்டுதல் மட்டும்) அல்லது வட்டமிட்டு இறங்கும் மினிமத்தையே கொள்ள வேண்டும். ஆனால் உண்மையில் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு, கருவி எல்பிவி தந்தால் அதைப் பயன்படுத்தத் தடையில்லை. திட்டமிடும் விதியையும் பறக்கும் விதியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பெயரை வாசிக்கும் முறை

அப்ரோச் வரைபடத்தின் தலைப்பில் உள்ள பெயர் மூன்று செய்திகளைச் சொல்கிறது: இறுதிக்கட்டத்தில் வழிகாட்டுவது எது, எந்த ஓடுபாதை, அதே வகையில் ஒன்றுக்கு மேல் இருந்தால் எது. ‘ஆர்நேவ் ஜிபிஎஸ் இஸட் 28 லெஃப்ட்’ என்பதை எடுத்துக்கொள்வோம். ஆர்நேவ் ஜிபிஎஸ் என்பது வகை. 28 லெஃப்ட் ஓடுபாதை. நடுவில் உள்ள ‘இஸட்’ என்ற எழுத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

ஒரே ஓடுபாதைக்கு ஒரே வகையில் இரண்டு அப்ரோச்சுகள் இருந்தால், ஆங்கில அகரவரிசையின் கடைசியிலிருந்து பின்னோக்கி இஸட், ஒய், எக்ஸ் என்று எழுத்துகள் கொடுக்கப்படும். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கோட்டில் ஓடுவதுபோல் தோன்றும். வேறுபாடு பெரும்பாலும் சிறிய எழுத்தில் அச்சிட்ட குறிப்புகளுக்குள் இருக்கும். ஒன்றில் மினிமம் தாழ்வாக இருக்கும். ஆனால் இறங்க முடியாமல் மேலேறும்போது கடல்மைலுக்கு வழக்கமான 200 அடியைவிட அதிகமாக ஏற வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். மற்றதில் அந்த நிபந்தனை இராது. மினிமம் உயர்வாக இருக்கும். வெயில் காலத்தில் நான்கு பேரை ஏற்றிய ஒற்றை எஞ்சின் விமானம் அந்த ஏற்றத்தைத் தருமா என்பதைக் கணக்கிட்டுப் பார்க்காமல், மினிமம் தாழ்வாக இருக்கிறது என்பதற்காக ‘இஸட்’டைத் தேர்ந்தெடுப்பது தவறான தேர்வு.

இதற்கு நேர்மாறாக, ‘விஓஆர் ஏ’, ‘ஆர்நேவ் ஜிபிஎஸ் பி’ என்று அகரவரிசையின் தொடக்க எழுத்துகளைக் கொண்டு, ஓடுபாதை எண்ணே இல்லாமல் சில அப்ரோச்சுகள் இருக்கும். இறுதிப் பாதை ஓடுபாதையோடு போதுமான அளவு நேர்கோட்டில் இல்லாததாலோ, இறங்கு சரிவு மிகச் செங்குத்தாக இருப்பதாலோ, நேராக இறங்குவதற்கான மினிமம் அவற்றுக்கு இல்லை. விமான நிலையத்தைக் கண்ணால் பார்த்த பிறகு வட்டமிட்டே இறங்க வேண்டும். மலைப்பகுதியில் இரவில் இது எவ்வளவு கடினம் என்பதை இதைச் செய்து பார்த்தவர்கள் அறிவார்கள்; நேரான அப்ரோச் ஒன்று கிடைக்கும்போது, எழுத்து மட்டும் உள்ள அப்ரோச்சைக் கேட்டு வாங்க வலுவான காரணம் வேண்டும்.

பெயரில் ‘ஆர்நேவ் ஆர்என்பி’ என்று இருந்தால் அது சிறப்பு அனுமதி பெற்ற விமானங்களுக்கும் விமானிகளுக்கும் உரியது, நம்முடையது அல்ல. அமெரிக்காவுக்கு வெளியே, சர்வதேச வழக்கப்படி, சாதாரண ஜிபிஎஸ் அப்ரோச்சின் தலைப்பே ‘ஆர்என்பி 28’ என்று இருக்கும். கருவியின் பட்டியலில் அது ‘ஆர்நேவ் 28’ என்று தோன்றலாம். பெயர்கள் அச்சு அசலாகப் பொருந்தாத இத்தகைய இடங்களில் பெயரை மட்டும் நம்பாமல், பின்னால் சொல்லப்போகும் புள்ளிச் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

இணை ஓடுபாதைகளையும் இஸட்–ஒய் சிக்கலையும் ஒரே அடியில் தீர்க்க ஒரு வழி உண்டு. எல்பிவி உள்ள அமெரிக்க வரைபடத்தின் மேல் இடது மூலையில் ஐந்து இலக்க வாஸ் அலைவரிசை எண்ணும், அதன் கீழே ‘டபிள்யூ28ஏ’ போன்ற அடையாளமும் அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வோர் அப்ரோச்சுக்கும் ஒரே ஒரு எண்தான். ஜிடிஎன் கருவியில் இந்த எண்ணைத் தட்டியே அப்ரோச்சை வரவழைக்கலாம். அல்லது பட்டியலில் தேர்ந்தெடுத்த பிறகு திரையில் காட்டப்படும் அடையாளத்தை வரைபடத்தோடு ஒப்பிடலாம். ஐஎல்எஸ் நிலையத்தின் மோர்ஸ் ஒலியைக் கேட்டு உறுதிசெய்வதற்கு ஈடான செயல் இது. ஆயினும் வியக்கத்தக்க அளவு சிலரே இதைச் செய்கிறார்கள்.

பட்டியலில் உள்ள எல்லா அப்ரோச்சுகளுக்கும் ஜிபிஎஸ் வழிகாட்டாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கார்மின் கருவிகளில் பெயருக்குப் பக்கத்தில் ‘ஜிபிஎஸ்’ என்ற சிறு குறி இருந்தால், இறுதிக்கட்டத்திலும் பாதையிலிருந்து விலகுவதைக் காட்டும் ஜிபிஎஸ் ஊசியைப் பின்பற்றலாம். அது இல்லாத ஐஎல்எஸ், லோக்கலைசர் (ஐஎல்எஸ்ஸின் பக்கவாட்டுப் பகுதி மட்டும்) போன்றவற்றைத் தேர்ந்தெடுத்தால், ஜிபிஎஸ் வழிகாட்டுதல் கண்காணிப்புக்கு மட்டுமே என்று ஓர் எச்சரிக்கை வரும். அதை ஒப்புக்கொண்டுதான் மேலே போக முடியும். ஒப்புக்கொண்டதை நினைவில் வைத்திருப்பது விமானியின் பொறுப்பு.

எந்தப் புள்ளியிலிருந்து நுழைவது

அப்ரோச்சைத் தேர்ந்தெடுத்ததும் கருவி ‘டிரான்சிஷன்’ என்று இன்னொரு பட்டியலைத் திறக்கும். தொடக்கப் புள்ளிகளான ஐஏஎஃப்கள் அதில் ஒவ்வொன்றாக இருக்கும். கூடவே ‘வெக்டர்ஸ்’ என்ற ஒரு வரியும் இருக்கும். என் மதிப்பீட்டில் முழுச் செயல்முறையிலும் மிக அதிகமான குழப்பம் விளைவது இங்கேதான். எனவே இங்கே சற்று நின்று பார்ப்போம்.

கட்டுப்பாட்டாளர் ரேடார் உதவியுடன் திசைகளைச் சொல்லி இறுதிப் பாதைக்கு அழைத்துப்போவதாகச் சொன்னால், ‘வெக்டர்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுப்பதே இயல்பாகத் தோன்றும். அப்படிச் செய்ததும் ஜிஎன்எஸ் போன்ற கருவிகள், இறுதிக்கட்டம் தொடங்கும் எஃப்ஏஎஃப் புள்ளிக்கு முன்னால் உள்ள அத்தனை புள்ளிகளையும் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டு, அந்தப் புள்ளியை நோக்கி நீட்டப்பட்ட ஒரு கோட்டை மட்டும் காட்டுகின்றன. ஊசியும் அந்தக் கோட்டையே காட்டும். எல்லாம் சொன்னபடி நடந்தால் இதில் தவறில்லை. ஆனால் வானொலியில் சொன்னபடியே எல்லாம் நடக்கும் நாள்கள் குறைவு. நெரிசல் காரணமாகக் கட்டுப்பாட்டாளர் மனம் மாறி, ‘இன்ன இடைப்புள்ளிக்கு நேராகச் செல்லுங்கள், அப்ரோச்சுக்கு அனுமதி’ என்று சொன்னால், அந்த இடைப்புள்ளி கருவியில் இருக்காது. தலையைக் குனிந்து மீண்டும் முதலிலிருந்து அப்ரோச்சை ஏற்ற வேண்டும். அந்த நேரத்தில் விமானம் தன்பாட்டில் நகர்ந்துகொண்டிருக்கும். புள்ளிகள் மறைவதோடு, அவற்றுக்கு உரிய குறைந்தபட்ச உயரங்களும் கண்ணைவிட்டு மறைகின்றன என்பது இதைவிட ஆபத்தானது. எஃப்ஏஎஃப்பைத் தவிர வேறெதுவும் திரையில் தெரியாத விமானி, அனுமதி கிடைத்த கணமே எஃப்ஏஎஃப் உயரத்துக்கு இறங்கிவிட வாய்ப்புண்டு. நடுவில் உள்ள புள்ளிக்கு அதைவிட உயர்ந்த எல்லை இருந்திருக்கலாம். ஜிடிஎன் கருவிகளின் புதிய மென்பொருளில் இறுதிப் பாதையின் நீட்சியில் உள்ள புள்ளிகளைத் தக்கவைக்கும் மாற்றம் வந்துள்ளது. உங்கள் கருவியில் எந்தப் பதிப்பு உள்ளது என்று தெரியாதவரை அதை நம்ப வேண்டாம்.

நான் பரிந்துரைப்பது இதுதான். ரேடார் வழியில் அழைத்துப்போவார்கள் என்று தெரிந்தாலும், விமானம் வரும் திசைக்குப் பொருத்தமான ஐஏஎஃப்பையே டிரான்சிஷனாகத் தேர்ந்தெடுத்து, அப்ரோச்சை முழுமையாக ஏற்றிவையுங்கள். இறுதிப் பாதையைக் குறுக்கிடும் திசையைக் கட்டுப்பாட்டாளர் சொன்ன பிறகு, பறப்புத் திட்டப் பக்கத்தில் இடைப்புள்ளியிலிருந்து எஃப்ஏஎஃப் வரையுள்ள பகுதியைத் தேர்ந்து, ‘ஆக்டிவேட் லெக்’ கட்டளையால் செயல்படுத்துங்கள். வெக்டர்ஸ் வரி தரும் அதே ஊசிக்கோட்டை இதுவும் தரும். புள்ளிகள் எதுவும் நீங்காது. கட்டுப்பாட்டாளர் மனம் மாறினால் ‘டைரக்ட்-டு’ ஒன்றை அழுத்தினால் போதும். எஃப்ஏஎஃப்புக்கு மிக அருகில், மிகத் தாமதமாக அழைத்துப்போகிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் வெக்டர்ஸைப் பயன்படுத்தலாம். அப்போதும் படிநிலை உயரங்களை வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே செல்ல வேண்டும்.

ரேடார் உதவி இல்லாமல் தாமாகவே செல்லும்போது, எந்த ஐஏஎஃப் என்பதை விமானம் வரும் திசை தீர்மானிக்கிறது. அமெரிக்க ஆர்நேவ் வரைபடங்கள் பல ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவில் அமைந்தவை. குறுக்குக் கோட்டின் இரு முனைகளிலும் ஐஏஎஃப்கள் இருக்கும். நடுவில் உள்ள புள்ளி, நேராக வருபவர்களுக்கு ஐஏஎஃப்பாகவும் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு இடைப்புள்ளியாகவும் இருக்கும். நடுப்புள்ளிக்கு எதிர்த்திசையிலிருந்து வந்தால் அங்கே ஒரு சுற்று சுற்றித் திசை திரும்ப வேண்டும். பக்க முனைகளிலிருந்தோ, ‘நோ பிடி’ (திசை திரும்பும் சுற்று வேண்டாம்) என்று குறித்த பகுதியிலிருந்தோ வந்தால் சுற்றக்கூடாது. கருவிக்கு இந்த வேறுபாடு தானாகத் தெரிவதில்லை. ஜிடிஎன், திசை திரும்பும் சுற்றைப் பறக்க வேண்டுமா என்று கேட்டு ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டு விடைகளைக் கொடுக்கும். சில கருவிகள் கேட்காமலேயே சுற்றைத் திட்டத்தில் வைத்துவிடலாம். தேவையில்லாவிட்டால் விமானிதான் நீக்க வேண்டும். நேராக வரவேண்டிய விமானம் எதிர்பாராமல் சுற்றத் தொடங்கினால், பின்னால் வரும் விமானத்துக்கும் அது ஆபத்து.

கட்டுப்பாட்டாளர் இடைப்புள்ளிக்கு நேராக அனுப்பலாம். அங்கே திரும்ப வேண்டிய கோணம் 90 பாகைக்கு மேற்படக்கூடாது. எஃப்ஏஎஃப்புக்கு நேராக அனுப்புவது பொதுவாக அமெரிக்க நடைமுறையில் இல்லை. அப்படிக் காதில் விழுந்தால் தவறாகக் கேட்டிருக்கிறோம் என்று கொண்டு மறுபடி கேட்பது நல்லது.

ஏற்றுவதும் செயல்படுத்துவதும்

ஜிஎன்எஸ்ஸில் புரொசீஜர் பொத்தானை அழுத்தி, ‘செலக்ட் அப்ரோச்’ வரியைத் தேர்ந்து, சிறிய குமிழால் அப்ரோச்சையும் பிறகு டிரான்சிஷனையும் குறித்தால், கடைசியில் ‘லோட்’, ‘ஆக்டிவேட்’ என்று இரண்டு வழிகள் வரும். ஜிடிஎன்னின் தொடுதிரையிலும் இதே வரிசைதான். விமான நிலையப் பெயரும் அலைவரிசை எண்ணும் தனித்தனிப் பொத்தான்களாக இருக்கும் என்பதே வேறுபாடு. பறப்புத் திட்டத்தில் இலக்கு நிலையம் குறிக்கப்படாமல் இருந்தால், கருவி தன் விருப்பப்படி வேறொரு நிலையத்தின் பட்டியலைக் காட்டியிருக்கலாம். எனவே நிலையத்தின் குறியீட்டை முதலில் பாருங்கள்.

லோட் என்பது அப்ரோச்சைத் திட்டத்தின் வாலில் சேர்ப்பது. விமானம் தன் பழைய பாதையிலேயே போகும். ஆக்டிவேட் என்பது அந்தக் கணமே ஐஏஎஃப்பை நோக்கிப் பாதையைத் திருப்புவது. தானியங்கி பைலட் இணைந்திருந்தால் விமானமும் கூடவே திரும்பும். அனுமதி வருவதற்கு 30, 40 மைல் முன்பே லோட் செய்துவிட்டு, அனுமதி கிடைத்த பிறகு ஆக்டிவேட் செய்வது அல்லது உரிய புள்ளிக்கு டைரக்ட்-டு கொடுப்பதே பழகிக்கொள்ள வேண்டிய ஒழுங்கு.

வரைபடத்தோடு ஒப்பிடுவது

ஏற்றியதும் திட்டப் பக்கத்தை மேலிருந்து கீழாக வாசியுங்கள். ஒவ்வொரு புள்ளியின் பெயர், அடுத்த புள்ளிக்கான திசை, தொலைவு ஆகியவை வரைபடத்தோடு பொருந்த வேண்டும். திசையில் ஒன்றிரண்டு பாகை வேறுபடலாம்; காந்தத் திசைமாறுபாட்டைக் கருவி கணக்கிடும் விதம் வரைபடத்திலிருந்து சற்று மாறும். பத்துப் பாகை வேறுபட்டால் அது வேறு அப்ரோச். பாதையின் வடிவத்தை நிலவரைபடப் பக்கத்திலும் ஒருமுறை பாருங்கள்: எதிர்பாராத திருப்பமோ, திரையைவிட்டு வெளியே ஓடும் கோடோ இருந்தால் உடனே தெரிந்துவிடும். காலி விமானத்தில் அன்றைய இரவு இந்த ஒப்பீட்டுக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை.

விமானி தாமாகவே புள்ளிகளைத் தட்டி ஓர் அப்ரோச்சை உருவாக்குவது தடைசெய்யப்பட்டது. தரவுத்தளத்திலிருந்து பெயரால் அழைக்கப்பட்டதை மட்டுமே பறக்க வேண்டும். ஏற்றிய பிறகு நடுப்புள்ளிகளை நீக்குவதும் கூடாது.

கருவி சொல்லும் விடை

விமான நிலையத்துக்கு 30 மைலுக்குள் வந்ததும் ஊசியின் முழு விலக்கம் ஒரு கடல்மைலாகச் சுருங்கி, திரையின் அடியில் ‘டெர்ம்’ என்ற குறி வரும். எஃப்ஏஎஃப்புக்கு ஏறத்தாழ 2 மைல் முன்னால் அது மாறி, எல்பிவி, எல்நேவ்/விநேவ், எல்நேவ்+வி, எல்பி, எல்நேவ் ஆகியவற்றில் ஒன்றாகும். முதலில் சொன்ன நான்காவது முடிவு இதுதான். வரைபடத்தின் அடியில் உள்ள மினிமம் வரிகளில் எதைப் பயன்படுத்தலாம் என்பதை இந்தக் குறி சொல்கிறது. பட்டியலில் ‘எல்பிவி’ என்று பார்த்தது, இன்று அது கிடைக்கும் என்பதற்கு உறுதி அல்ல.

எல்பிவி என்றால் சரிவுப்பாதையைப் பின்பற்றி, முடிவெடுக்கும் உயரம் வரை இறங்கலாம். தடைகள் இல்லாத நல்ல இடங்களில் அது ஓடுபாதைக்கு மேல் 200 அடி வரை தாழும். எல்நேவ்/விநேவிலும் சரிவுப்பாதை உண்டு. மினிமம் உயர்வாக இருக்கும், சில வரைபடங்களில் வெறும் எல்நேவைவிடக்கூட உயர்வாக இருக்கும். அந்த வரியின் கீழே குளிர், வெப்ப எல்லைகள் குறிக்கப்பட்டிருந்தால், அவை காற்றழுத்தத்தால் உயரத்தை அளக்கும் கருவிகளுக்கு உரியவை. வாஸ் கருவிக்கு அவை பொருந்தா. எல்பி என்பது சரிவுப்பாதை அமைக்க முடியாத இடங்களுக்காகத் தனியாக வடிவமைக்கப்பட்டது. எல்பிவி தவறினால் கிடைக்கும் இரண்டாவது வழி என்று அதைச் சிலர் நினைக்கிறார்கள், அப்படி அல்ல.

எல்நேவ்+வி தனியாகப் பேச வேண்டிய ஒன்று. திரையில் சரிவுப்பாதையின் வைரக்குறி வரும். தானியங்கி பைலட்டும் அதைப் பிடித்துக்கொண்டு சீராக இறங்கும். எல்பிவி போலவே தோன்றும். ஆனால் அந்தச் சரிவு, விமானிக்கு வசதியாகக் கருவியே வரைந்த ஆலோசனைக் கோடு மட்டுமே. வரைபடத்தில் எல்நேவ்+வி என்று ஒரு வரி இருக்காது. எல்நேவ் மினிமத்தையே பயன்படுத்த வேண்டும். வழியில் உள்ள படிநிலை உயரங்களை விமானியே காக்க வேண்டும். மினிமத்துக்குக் கீழே அந்தக் கோடு மரத்தையோ குன்றையோ தொடாது என்று யாரும் உறுதியளிக்கவில்லை. குறைந்தபட்ச இறங்கு உயரத்தில் ஓடுபாதை தெரியாவிட்டால், வைரக்குறி எவ்வளவு அழகாக நடுவில் நின்றாலும் மேலேற வேண்டும்.

எஃப்ஏஎஃப்புக்கு ஒரு நிமிடம் முன்னால் கருவி தன் துல்லியத்தைச் சோதிக்கும். எல்பிவிக்குப் போதாது என்று கண்டால், அப்ரோச் தரமிறக்கப்பட்டது, எல்நேவ் மினிமத்தைப் பயன்படுத்துக என்ற செய்தி வரும். இந்தச் செய்தி வரும் நேரத்தில் மினிமத்தைத் தேடி வரைபடத்தைப் புரட்டுவது சரியல்ல. எனவே முன்கூட்டியே இரண்டு எண்களைத் தாளில் எழுதிவையுங்கள்: எல்பிவிக்கு ஒன்று, எல்நேவுக்கு ஒன்று. எஃப்ஏஎஃப்பைக் கடக்கும்போதும் குறி ‘டெர்ம்’ என்றே நின்றால் இறங்கத் தொடங்கக் கூடாது. அப்ரோச் செயல்படவில்லை என்பதே அதன் பொருள்.

எஃப்ஏஎஃப்பைக் கடக்கும் கணத்தில், சரிவுப்பாதை நடுவில் இருக்கும்போது உயரமானி காட்டுவதை வரைபடத்தில் அச்சிட்ட உயரத்தோடு ஒப்பிடுங்கள். ஜிபிஎஸ் சரிவுப்பாதை எங்கே இருந்தாலும், மினிமத்தை நாம் உயரமானியில்தான் பார்க்கிறோம். உயரமானியில் வைத்த காற்றழுத்த எண் தவறாக இருந்தால் இந்த ஒப்பீட்டில்தான் வெளிப்படும். கடும் வெயில் நாளில் எஃப்ஏஎஃப்புக்கு வெகுமுன்பே சரிவுப்பாதையைப் பிடித்து இறங்கினால், உயரமானி காட்டும் உயரம் படிநிலை எல்லைக்குக் கீழே போய்விடக்கூடும். எஃப்ஏஎஃப் வரை உயரமானியே எசமான்.

ஐஎல்எஸ் தேர்ந்தெடுத்தால்

ஐஎல்எஸ்ஸை ஏற்றும்போது கருவி அலைவரிசையைக் காத்திருப்பு இடத்தில் வைக்கும். சில அமைப்புகளில் தானாகவே மாற்றிக்கொள்ளும். எப்படியானாலும் அலைவரிசை, மோர்ஸ் அடையாளம், ஊசியின் மூலம் ஆகிய மூன்றையும் விமானி பார்க்க வேண்டும். ஊசி ‘ஜிபிஎஸ்’ மூலத்திலேயே நின்றால், அழகாக நடுவில் இருக்கும் அந்த ஊசி ஐஎல்எஸ் அல்ல. தானாக ‘விலாக்’ எனப்படும் தரை நிலைய மூலத்துக்கு மாறும் வசதி பல கருவிகளில் உண்டு. அது மாறியதா என்று பார்க்கும் பழக்கம் எல்லா விமானிகளுக்கும் வேண்டும். விஓஆர் அப்ரோச்சின் இறுதிக்கட்டத்தில், தரை நிலையத்தின் ஊசியைக் கண்காணித்துக்கொண்டே ஜிபிஎஸ்ஸைப் பின்பற்ற அமெரிக்க விதிகள் இடம் தருகின்றன. லோக்கலைசருக்கு அந்தச் சலுகை கிடையாது.

2017 ஜூலை 7 இரவில் சான் பிரான்சிஸ்கோவில் ஏர் கனடாவின் 759ஆம் எண் விமானம் ஓடுபாதை 28 ரைட் என்று நினைத்து, நான்கு விமானங்கள் வரிசையில் நின்ற, டாக்ஸிவே எனப்படும் இணைப்புப் பாதையை நோக்கி இறங்கியது. 28 லெஃப்ட் அன்றிரவு மூடப்பட்டு விளக்கணைந்து இருந்தது. விமானிகள் கணினியில் தேர்ந்தெடுத்த கண்பார்வை அப்ரோச், ஐஎல்எஸ் அலைவரிசையைக் கையால் வைக்க வேண்டிய ஒன்று. அந்த நிறுவனத்தின் தரவுத்தளத்தில் அப்படிப்பட்டது அது ஒன்றுதான். அந்தப் படி விடுபட்டதால் நேர்கோட்டைச் சொல்லும் ஊசி அவர்களுக்கு இல்லை. தரையில் இருந்த விமானங்களுக்கு மேலே தாழப் பறந்து, ஏறத்தாழ 60 அடி உயரத்தில் மேலேறியது. அவர்கள் தேர்ந்தெடுத்த அப்ரோச் சரியானதே. அதோடு சேர்ந்த ஒரு படிதான் விடுபட்டது.

இறங்க முடியாதபோது

மேலேறும் புள்ளியை அடைந்ததும் கருவி அடுத்த புள்ளிக்குத் தானாக நகராது. ‘சஸ்ப்’ என்ற குறி வந்து, ஊசி பழைய இறுதிப் பாதையின் நீட்சியையே காட்டிக்கொண்டிருக்கும். முதலில் எஞ்சின் ஆற்றல், மூக்கு, சக்கரம், இறக்கை மடிப்பு (ஃபிளாப்) ஆகியவற்றைச் சரிசெய்து விமானத்தை ஏறவைக்க வேண்டும், பிறகுதான் கருவி. ஜிஎன்எஸ்ஸில் ‘ஓபிஎஸ்’ பொத்தானை அழுத்தினால் இடைநிறுத்தம் நீங்கி மேலேறும் பாதை செயல்படும். ஜிடிஎன்னில் அதற்கென ஒரு கட்டளை திரையில் தோன்றும். ஐஎல்எஸ் பறந்துகொண்டிருந்தவர் ஊசியின் மூலத்தையும் ஜிபிஎஸ்ஸுக்கு மாற்ற வேண்டும்.

மேலேறும் பாதையின் முதல் பகுதி பல சமயம் ‘இன்ன உயரம் வரை நேராக ஏறிப் பிறகு திரும்புக’ என்று இருக்கும். உயரத்தை அறியாத பழைய கருவி நேரே அடுத்த புள்ளிக்குக் கோடு போட்டுவிடக்கூடும். அந்தக் கோட்டை உடனே பின்பற்றினால் வரைபடம் சொன்ன உயரத்துக்கு முன்பே விமானம் திரும்பிவிடும். அந்த முதல் பகுதியை வரைபடத்தில் படித்து நினைவிலிருந்தே பறக்க வேண்டும். காத்திருக்கும் சுற்றுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, அதே அப்ரோச்சை மறுபடி முயல்வதா, ‘ஒய்’ வரியைக் கேட்பதா, மாற்று நிலையத்துக்குத் திரும்புவதா என்பதை எரிபொருளைப் பார்த்து முடிவுசெய்து, புரொசீஜர் பொத்தானை மீண்டும் அழுத்தலாம். அப்போது பழைய அப்ரோச்சை அப்படியே ஆக்டிவேட் செய்யாமல், நீங்கள் இப்போது இருக்கும் இடத்துக்குப் பொருத்தமான டிரான்சிஷனைப் புதிதாகத் தேர்ந்தெடுங்கள். முதல்முறை நுழைந்த ஐஏஎஃப் இப்போது மலைக்கு அப்பாலும் இருக்கலாம்.